குறிப்பெடுக்க யார் கற்றுக்கொடுப்பது?

அரசுப் பள்ளியில் பாடநூல் இலவசம். ஆனாலும், பொதுத்தேர்வு எழுதப் போகும் பிள்ளை இருக்கிற வீட்டில் ஜூன் மாதச் செலவுக் கணக்கில் கையேடு தவறாமல் இடம்பிடித்துவிடுகிறது. தமிழுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, அறிவியலுக்கு ஒன்று என்று பை நிறைய வாங்குகிறார்கள். கையில் காசு இல்லாதவர்கள் மேல்வகுப்புக்குப் போன அக்காவிடமோ அண்ணனிடமோ பழையதைக் கேட்டு வாங்குகிறார்கள். இப்போது வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப் ஆகவும் வந்துவிடுகிறது. கையேடு ஆண்டு முழுக்கப் புரட்டப்பட்டு நைந்துபோகும். பாடநூலோ அட்டை கசங்காமல் கிடக்கும்.

கையேட்டைக் குறைசொல்லி எழுதுவது நமக்குப் பழகிய வேலைதான். ‘நோட்ஸ் படித்துத் தேறியவன்’ என்பதை ஒரு வசவாகவே வைத்திருக்கிறோம். ஆனால், அதை எழுதுபவரையும் விற்பவரையும் திட்டுவதில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. இந்தப் புத்தகம் இல்லாமல் பரீட்சைக்குப் போக முடியாது என்ற நிலையை உண்டாக்கியது யார் என்று யோசிக்க வேண்டியதில்லை. ஒரு பாடத்தைப் படித்து, அதன் சாரத்தைத் தன் சொற்களில் தானே எழுதிக்கொள்ளும் பயிற்சியை நம் பள்ளிகள் முறையாகத் தருவதில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் படித்து முடிக்கும் பிள்ளை பல நோட்டுகளை நிரப்பியிருக்கும். அவற்றில் பெரும்பகுதி கரும்பலகையைப் பார்த்து எழுதியது, அல்லது ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதியது. கையேட்டுக்குச் சந்தை பிறப்பது இங்கேதான்.

உரை மரபின் வாரிசு

மூலநூலுக்குத் துணைநூல் எழுதுவது தமிழுக்குப் புதிதன்று. பரிமேலழகர் இல்லாமல் குறளையும், நச்சினார்க்கினியர் இல்லாமல் பத்துப்பாட்டையும் நாம் எவ்வளவு தூரம் அறிந்திருப்போம்? உரை எப்படி அமைய வேண்டும் என்று நன்னூல் இலக்கணமே வகுத்திருக்கிறது. சுருக்கமான காண்டிகை உரைக்குக் கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை ஆகியவற்றை உறுப்புகளாகச் சொல்கிறது. இன்றைய கையேட்டின் பொருளடக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும்.

திருச்சி தூய வளனார் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த ஐயம்பெருமாள் கோனார், இந்த மரபைத்தான் பள்ளி மாணவரிடம் கொண்டுபோனார். பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்ட ‘கோனார் தமிழ் உரை’, தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாக மாணவர் கைகளில் புழங்கியது. எதையாவது விளக்கிச் சொல்லச் சொன்னால், ‘இதற்குக் கோனார் உரை போட வேண்டுமா?’ என்று கேட்கும் அளவுக்கு அந்தப் பெயர் பேச்சிலும் கலந்தது. பதவுரையும் பொழிப்புரையும் இலக்கணக் குறிப்பும் கொண்ட அந்தப் புத்தகம், வீட்டில் படித்தவர் யாருமில்லாத பிள்ளைக்குத் தமிழ் வாத்தியாராகவே இருந்தது.

தேர்வுக்கான குறிப்பு நூல் ஒரு மேதையையும் வளர்த்திருக்கிறது. ஜார்ஜ் ஷூபிரிட்ஜ் கார் என்ற ஆங்கிலேயர், கேம்பிரிட்ஜின் கணிதத் தேர்வுக்கு மாணவர்களைத் தயார்செய்த தனிப்பயிற்சி ஆசிரியர். அந்தப் பயிற்சிக்காகச் சேர்த்த குறிப்புகளிலிருந்து உருவானதுதான் அவருடைய தொகுப்பு நூல். ஏறத்தாழ 5,000 கணித முடிவுகள் அதில் வரிசையாக இருக்கும். பெரும்பாலானவற்றுக்கு நிரூபணம் இருக்காது, இருந்தாலும் ஓரிரு வரிதான். 1903 வாக்கில் கும்பகோணத்தில் பள்ளி மாணவனாக இருந்த ராமானுஜன் கைக்கு அந்தப் புத்தகம் வந்தது. விடுபட்ட நிரூபணங்களை அவர் தாமே போட்டுப் பார்க்கத் தொடங்கினார். பிறகு நடந்தது உலகம் அறிந்த கதை.

எல்லாரும் ராமானுஜன் ஆகிவிட முடியாது. ஆனால், அந்த நூல் விட்டுவைத்த இடைவெளிதான் அவருக்கு வேலை கொடுத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நம் கடைகளில் விற்கும் கையேடுகள் இடைவெளியே விடுவதில்லை. வினா, விடை, விடையின் உட்தலைப்பு, எந்த வரியை அடிக்கோடிட வேண்டும் என்பது வரை எல்லாம் தயார். மாணவருக்கு மிச்சமிருக்கும் வேலை மனப்பாடம் மட்டுமே.

ஐந்து பாடம், ஒரே அச்சு

கையேடு செய்யும் பெரிய சேதம் எல்லாப் பாடங்களையும் ஒரே வடிவத்துக்குள் அடைத்துவிடுவதுதான். தமிழ், கணக்கு, வரலாறு எல்லாமே வினா-விடைப் பட்டியலாகிவிடுகின்றன. உண்மையில், ஒவ்வொரு பாடமும் கேட்கும் குறிப்பு வேறு வேறு.

தமிழில் பகுபத உறுப்பிலக்கணத்தை எடுத்துக்கொள்வோம். ‘வந்தனன்’ என்ற சொல்லில் ‘வா’ பகுதி, அது ‘வ’ எனக் குறுகியது விகாரம், ‘த்’ சந்தி, அது ‘ந்’ ஆனது விகாரம், அடுத்த ‘த்’ இறந்தகால இடைநிலை, ‘அன்’ சாரியை, இறுதி ‘அன்’ ஆண்பால் வினைமுற்று விகுதி. கையேடு இப்படி ஒவ்வொரு சொல்லையும் உடைத்துக் கொடுத்துவிடுகிறது. பிள்ளைகள் உடைத்த துண்டுகளை மனப்பாடம் செய்கிறார்கள், உடைக்கக் கற்பதில்லை. ‘வந்தனன்’ புரிந்தவருக்குத் ‘தந்தனன்’ தானாக வர வேண்டும். வரவில்லை என்றால், அவருடைய நோட்டில் இருப்பது இலக்கணம் ஆகாது.

கணிதத்தில் தேவைப்படுவது தவறுகளின் குறிப்பு. கையேட்டில் தீர்த்துவைத்த கணக்கை வரி வரியாகப் பார்த்துத் தலையாட்டுவது, கிணற்று மேட்டில் நின்று நீச்சல் பார்ப்பதைப் போல. இரண்டு எண்களைக் கூட்டி வர்க்கம் எடுக்கச் சொன்னால், ஒவ்வொன்றையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டிவிடுவது பல பிள்ளைகளின் பழக்கம். 5-ஐயும் 3-ஐயும் கூட்டினால் 8, அதன் வர்க்கம் 64. தனித்தனியாகப் போட்டால் 25-ம் 9-ம் சேர்ந்து 34 தான். காணாமல்போன 30 எங்கே? அது 5, 3 இரண்டின் பெருக்கற்பலனைப் போல இருமடங்கு. இப்படித் தான் சறுக்கிய இடத்தையும் அதற்கான காரணத்தையும் எழுதிவைக்கும் பிள்ளை அந்தத் தவறைத் திரும்பச் செய்வது அரிது. எந்தக் கையேடும் ஒரு தனிப்பட்ட மாணவரின் தவறுகளைப் பட்டியலிட முடியாது.

அறிவியலுக்குப் படமே குறிப்பு. இதயத்தின் படத்தைப் பார்த்து வரைவதில் பெரிய பயனில்லை. புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத் தாளில் வரைந்து, ரத்தம் போகும் வழியை அம்புக்குறியால் காட்ட வேண்டும்: வலது ஆரிக்கிள், வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரல், மறுபடி இடது ஆரிக்கிள், இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி. கூடவே ஒரு கேள்வியும் எழுதிக்கொள்ள வேண்டும்: இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் ஏன் மற்றதைவிடத் தடிமன்? உடல் முழுக்க ரத்தத்தை அனுப்பும் பாரம் அதற்குத்தான் என்ற விடை, அந்த அம்புக்குறியைத் தொடர்ந்து போனவருக்குத் தானே புலப்படும். விடையை மட்டும் படித்தவருக்கு அது இன்னொரு ‘டூ மார்க்’.

சமூக அறிவியலில் காரணங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுத் தருகிறது கையேடு. 1806 ஜூலை 10-ல் வெடித்த வேலூர்க் கிளர்ச்சிக்குப் புதிய தலைப்பாகை, சமயக் குறிகளுக்குத் தடை, தாடி மீசைக்குக் கட்டுப்பாடு, கோட்டைக்குள் காவலில் இருந்த திப்புவின் மக்கள் என்று காரணங்கள் அடுக்கப்படும். வரிசை மாறாமல் ஒப்பிக்கும் மாணவரிடம், ‘தலைப்பாகை உத்தரவு வராமல் இருந்திருந்தால் கிளர்ச்சி நடந்திருக்குமா?’ என்று கேளுங்கள். திகைப்பார். எது நெடுநாள் புகைச்சல், எது உடனடிப் பொறி என்று பிரித்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கோடிழுத்துக் காட்டுவதுதான் வரலாற்றுக் குறிப்பு. எண் போட்ட பட்டியல் அந்தக் கோடுகளை அழித்துவிடுகிறது.

ஆங்கிலத்தில் நிலைமை சிரிப்புக்குரியது. எந்தக் கவிதையைக் கேட்டாலும் தலைப்பையும் கவிஞர் பெயரையும் மட்டும் மாற்றி எழுதிக்கொள்ளக் கூடிய பொதுப் பத்தி ஒன்று மாணவர்களிடம் சுற்றுகிறது. மேல்நிலை வகுப்பு ஆங்கிலத்தில் குறிப்பெடுத்தல் என்பதே ஒரு பயிற்சியாக இருக்கிறது. ஒரு பத்தியைக் கொடுத்து அதன் சாரத்தைக் குறிப்புகளாக எழுதச் சொல்கிறார்கள். அதற்கும் கையேட்டில் மாதிரி விடை உண்டு. குறிப்பெடுக்கும் திறனைச் சோதிக்கும் கேள்விக்கும் அடுத்தவர் எடுத்த குறிப்பைப் படித்துப் போகிறோம்.

நன்னூலும் உளவியலும்

‘எப்படி எழுதினால் என்ன, மனதில் பதிந்தால் போதாதா?’ என்று கேட்கலாம். பதிகிறதா என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட சோதனை இத்துறையில் மிகவும் பேசப்படுவது. ஒரு பிரிவு மாணவர்கள் ஒரு பத்தியை இரண்டு முறை படித்தார்கள். இன்னொரு பிரிவு ஒரு முறை படித்துவிட்டு, நினைவிலிருந்ததை எழுதிப் பார்த்தது. 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்தவர்களே முன்னிலையில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவில் இருந்தது. திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு 42 சதவீதம்தான். அதே ஆய்வின் இன்னொரு சோதனையில், நான்கு முறையும் படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று நம்பினார்கள். கையேட்டைப் பத்து முறை புரட்டிவிட்டு, ‘எல்லாம் தெரியும்’ என்று தேர்வறைக்குள் போய்த் திணறும் பிள்ளையை நாம் எல்லாரும் அறிவோம்.

படிக்கும் முறைகள் பத்தை எடுத்துக்கொண்டு, அவை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2013-ல் டன்லாஸ்கி என்ற உளவியலாளரின் குழுவினர் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார்கள். தன்னைத் தானே சோதித்துக்கொள்வதும், இடைவெளி விட்டுப் படிப்பதும் அதிகப் பயன் தருபவை என்றார்கள். மஞ்சள் மையால் கோடு போடுவது, திரும்பப் படிப்பது, சுருக்கி எழுதுவது மூன்றும் குறைந்த பயன் பட்டியலில் போயின. சுருக்கி எழுதுவது அங்கே போனதற்கு அவர்கள் சொன்ன காரணம் நமக்கு முக்கியம்: நன்றாகச் சுருக்கத் தெரிந்தவருக்கு அது பலன் தரும், ஆனால், பல மாணவர்களுக்கு அந்தத் திறன் நீண்ட பயிற்சிக்குப் பிறகுதான் கைவரும். அதாவது, குறிப்பெடுப்பது பிள்ளைகளுக்குத் தானாக வந்துவிடும் கலை அல்ல. யாராவது உட்கார்ந்து கற்றுத்தர வேண்டும்.

படித்ததைத் தானே எடுத்துச் சொல்வதன் பலனை, 13-ம் நூற்றாண்டில் நன்னூலை எழுதிய பவணந்தி முனிவர் கணக்குப் போட்டே சொல்லியிருக்கிறார். ஆசிரியர் சொன்னதை நன்றாக வாங்கிக்கொண்டாலும் மாணவருக்குக் கால்பங்கு அறிவுதான் கிடைக்கும். உடன்படிப்பவரோடு பழகுவதில் இன்னொரு கால். பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் மீதி அரைப்பங்கும் நிரம்பும் என்கிறது நன்னூல். பாதி படிப்பு வாய்திறந்து சொல்வதில் இருக்கிறது. நம் வகுப்பறை அந்தப் பாதியை விட்டுவிட்டு, முதல் கால்பங்கையே ஆண்டு முழுக்க நீட்டிக்கொண்டிருக்கிறது.

தேர்வு கற்றுத்தரும் பாடம்

மாணவர்கள் முட்டாள்கள் இல்லை. எதற்கு மதிப்பெண் கிடைக்கிறதோ அதைச் செய்கிறார்கள். பல ஆண்டுகள் ‘புளூ பிரிண்ட்’ என்று ஒன்று இருந்தது. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் வினா வரும் என்பது முன்கூட்டியே தெரியும். எந்தப் பாடத்தைத் தொடாமல் விடலாம் என்பதும் தெரியும். பாட இறுதியில் இருக்கும் ‘புக் பேக்’ வினாக்களும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வினா வங்கியும் போதும், கணக்குக்குக் ‘கம் புக்’ என்ற வினாத் தொகுப்பு இருந்தால் ‘சென்டம்’ என்று ஒரு தலைமுறையே வளர்ந்தது.

2018-19, 2019-20 ஆகிய இரு கல்வியாண்டுகளில் தமிழ்நாட்டின் பாடநூல்கள் ஒன்று முதல் பன்னிரண்டு வரை புதிதாக வந்தன. புளூ பிரிண்ட் கைவிடப்பட்டது. பாடத்தின் உள்ளேயிருந்தும் கேள்வி வரும், சிந்தித்து எழுத வேண்டிய வினாக்களும் இருக்கும் என்றார்கள். மேல்நிலை வகுப்பின் மொத்த மதிப்பெண் 1,200-லிருந்து 600 ஆனது. மொழிப்பாடத்தின் இரண்டு தாள்கள் ஒன்றாயின. எல்லாமே நல்ல நோக்கத்தில் செய்யப்பட்டவை. கையேடு அசையவில்லை, உள்ளிருந்து வரக்கூடிய வினாக்களையும் தொகுத்து இன்னும் பருமனானது. வினாத்தாளை மாற்றினோம், படிக்கும் முறையை மாற்றவில்லை. புதிய வினாத்தாளைச் சந்திக்கும் வழி தெரியாத பிள்ளைக்கு, தெரிந்த ஒரே வழி இன்னும் தடித்த கையேடுதான்.

பள்ளிக்கல்வித் துறையும் இதில் கைகழுவ முடியாது. தேர்ச்சி விகிதம் குறைந்துவிடக் கூடாது என்ற அழுத்தத்தில், மெல்லக் கற்போருக்கு என்று மாவட்டந்தோறும் குறைந்தபட்சக் கற்றல் கையேடுகள் தயாராகின்றன. ‘மினிமம் மெட்டீரியல்’ என்று ஆசிரியர்கள் சொல்லும் இதன் நோக்கம் தேறவைப்பது மட்டுமே. தோல்வியில் பள்ளியை விட்டே போய்விடும் பிள்ளையைக் காப்பாற்றுகிறது என்பதால் இதை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. ஆனால், ஒன்பதாம் வகுப்புவரை எழுதவும் சுருக்கவும் பழக்காமல் விட்டுவிட்டு, பத்தாம் வகுப்பு ஜனவரியில் நாற்பது பக்கத்தைத் திணிப்பது கற்பித்தல் ஆகாது.

இங்கே ஒரு மறுப்பைச் சந்தித்தாக வேண்டும். கையேட்டைக் குறைசொல்வது வசதியுள்ளவர்களின் பேச்சு. ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்கும் பள்ளியில், டியூஷனுக்குப் பணமில்லாத வீட்டில், தனித்தேர்வராகப் படிக்கும் தொழிலாளிக்கு அதுதானே துணை என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் கையேட்டைத் தடைசெய் என்று நான் சொல்லவில்லை. ஆனால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கையேட்டோடு ‘இது ஏன் அப்படி?’ என்று கேட்க ஒருவர் இருக்கிறார். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியது பள்ளி மட்டுமே. பள்ளியும் கேட்கவில்லை என்றால், ஏற்றத்தாழ்வு இன்னும் ஆழமாகும்.

இப்போது செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. பாடத்தின் பக்கத்தைப் படம்பிடித்து அனுப்பினால் நொடியில் சுருக்கம் தருகிறது. கையேட்டுக்காவது விலை இருந்தது. இனி அடுத்தவர் செய்த சுருக்கம் எங்கும் கிடைக்கும், காசில்லாமல் கிடைக்கும். தானே சுருக்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள தூரம் இதனால் கூடத்தான் போகிறது.

என்ன செய்யலாம்?

முதலில், ஆறாம் வகுப்பிலிருந்து வாரம் ஒரு பாடவேளையைக் குறிப்பெடுக்கும் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும். இதற்குப் புதிய ஆசிரியர் தேவையில்லை, புதிய நூல் தேவையில்லை. 1950-களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் என்ற ஆசிரியர் உருவாக்கிய எளிய முறை இருக்கிறது. பக்கத்தை ஒரு கோட்டால் பிரித்து, வலப்பக்கம் அகலமான பகுதியில் குறிப்பு. இடப்பக்கக் குறுகிய பகுதியில் அந்தக் குறிப்பிலிருந்து எழும் கேள்வி. அடியில் இரண்டு மூன்று வரியில் சாரம். பிறகு வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டு, கேள்விகளுக்கு வாய்விட்டு விடை சொல்ல வேண்டும். நோட்டும் ஓர் அடிக்கோலும் போதும்.

இரண்டாவது, நோட்டுத் திருத்தம் என்ற சடங்கை மாற்ற வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரி எல்லா நோட்டிலும் ஒரே விடை, ஒரே உட்தலைப்பு, சிவப்பு மைக் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்கும்வரை, ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப்போட்டுக்கொண்டுதான் இருப்பார். நாற்பது பிள்ளைகளின் நோட்டும் ஒன்றுபோல இருந்தால், அதைக் குறையாக எழுத வேண்டும்.

மூன்றாவது, பள்ளி அளவிலான தேர்வுகளில் சிலவற்றுக்காவது, மாணவர் தம் கைப்பட எழுதிய ஒரு பக்கக் குறிப்பைக் கொண்டுவர அனுமதிக்கலாம். ஒரே பக்கம்தான் என்றால் எதை விடுவது, எதை வைப்பது என்று முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவுக்குப் பாடம் முழுவதையும் புரிந்துகொண்டே ஆக வேண்டும். அடுத்தவர் எழுதிய பக்கம் ஆபத்தில் உதவாது என்பதைப் பிள்ளைகள் முதல் தேர்விலேயே கண்டுகொள்வார்கள்.

நான்காவது, மேல்நிலை வகுப்புகளில் ஒவ்வொரு பாடத்துக்கும் இருக்கும் 10 அக மதிப்பெண்ணில் ஒரு பகுதியை, மாணவரின் சொந்தக் குறிப்பேட்டுக்கும் அதிலிருந்து கேட்கப்படும் இரண்டு வாய்மொழிக் கேள்விகளுக்கும் ஒதுக்கலாம். பார்த்து எழுதிய நோட்டு முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

பெற்றோருக்கும் ஒரு பங்கு உண்டு. அதற்குப் படித்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. கையேடு வாங்கிக் கொடுங்கள், தவறில்லை. ஆனால், தினமும் இரவில் பத்து நிமிடம் ஒதுக்கி, புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, ‘இன்றைக்கு என்ன படித்தாய், எனக்குப் புரிகிற மாதிரி சொல்லு’ என்று கேளுங்கள். புரியாத இடத்தில் ‘ஏன்?’ என்று குறுக்கிடுங்கள். விடை தெரியாமல் பிள்ளை புத்தகத்தைத் திறக்கப் போனால், அன்றைய படிப்பு உண்மையில் தொடங்கிவிட்டது என்று கொள்ளுங்கள். நன்னூல் சொன்ன அந்த அரைப்பங்கைப் பணம் செலவழிக்காமல் பிள்ளைக்குத் தரும் வழி இதுதான்.